மூன்று வாரம் முந்திப் பிறந்த பாலன்

எங்கள் வட்டாரத்தில் கிறிஸ்மஸ் குடிலுக்கு லோரி பேட்டரி வைத்து விளக்கு எரியவிட்ட முதல் ஆள் நான்தான். பத்தாங் பெர்ஜுந்தாயில் அந்தக் காலத்தில் இருந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு சிலர் கூடவே வேறு ஒன்றையும் சொல்லிச் சிரிப்பார்கள். அதை அவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

நான் படித்தது தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்கு மேல் படிப்பு எனக்கு ஒத்து வரவில்லை, எனக்கும் படிப்பு தேவைப்படவில்லை. செம்பனைக் குலையைத் தோளில் தூக்கி லோரியில் ஏற்றுகிற வேலையில் சேர்ந்தேன். பிறகு அதே லோரியில் கிளீனர், பிறகு டிரைவர், பிறகு அந்த லோரியே என்னுடையது. எண்பதுகளின் நடுவில் என் பெயரில் இரண்டு லோரி ஓடியது. டவுனை ஒட்டி ஒரு துண்டு நிலம் வாங்கி வீடும் கட்டினேன். பாதிச் சுவர் செங்கல், மேல் பாதி பலகை, தரைக்குச் சிவப்பு சிமெண்டு. கட்டும்போது ஒவ்வொரு ஆணியையும் நின்று பார்த்து அடிக்கவைத்தேன். சுவருக்குச் சுவர் ஒட்டிய தோட்டத்து லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவனுக்கு ஒரு கதவைத் தனக்கென்று சாத்திக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று சாத்திப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

எனக்கு எல்லாம் வந்தது. என் மாமனார் மட்டும் வரவில்லை.

அவர் நாலு மைல் கட்டை தள்ளியிருந்த தோட்டத்தில் உபதேசியார். பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒரு தடவைதான் தோட்டத்துக்கு வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பது, செத்த வீட்டில் முன்னால் நிற்பது எல்லாம் அவர்தான். நான் மாரியம்மன் கோயில் பக்கத்து லயத்துப் பிள்ளை. அவர் மகளைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கினேன். முழு மனதோடுதான் வாங்கினேன். ஆனால் அவர், "அவன் தண்ணி வாங்கினது பொண்ணுக்காக, ஆண்டவருக்காக இல்ல" என்று யாரிடமோ சொன்னது என் காதுக்கு வந்துவிட்டது. கல்யாணத்தன்று உபதேசியாராகக் கோயிலில் நின்றார். மாமனாராகப் பந்தியில் உட்காரவில்லை. அன்றிலிருந்து நாலு வருஷம் என் வீட்டில் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. நாங்கள் வாடகை அறையில் இருந்த காலத்தில் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் என் மனைவி தன் அம்மா வீட்டுக்குத்தான் போவாள். நான் அவளை லயத்து முனையில் இறக்கிவிட்டு லோரியிலேயே உட்கார்ந்திருப்பேன். மாமியார் இலை போட்டு மூடிய தட்டில் தோசையும் ஆட்டுக்கறியும் கொண்டுவந்து லோரி ஜன்னல் வழியாகக் கொடுப்பார்.

புது வீட்டுக்கு வந்த வருஷம் நவம்பர் கடைசியில் என் மனைவி சொன்னாள்:

"இந்த வருஷம் நம்ம வீட்லதாங்க கிறிஸ்மஸ். எங்க வீட்டு வழக்கப்படி அப்பா வந்து குடில்ல பாலனை வைக்கணும். அதுக்கப்புறம்தான் பசியாறணும். அவர் நம்ம வீட்ல ஒரு வாய் சாப்பிட்டாப் போதும், எனக்கு வேற எதுவும் வேணாம்."

அவள் குடும்பத்து வழக்கம் அது. வீட்டுக்குப் பெரியவர் பாலன் இயேசுவைக் குடிலில் வைக்க வேண்டும், அதுவரை யாரும் வாயில் எதையும் போடக்கூடாது. என்றைக்கு வைக்க வேண்டும் என்பதை அவள் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்துவிட்டாள். நானும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு அப்போது கிடையாது.

நான் என்ன கணக்குப் போட்டேன் என்றால், குடில் பெரிதாக இருந்தால் ஊர் வரும், ஊர் வந்தால் பேச்சு போகும், பேச்சு போனால் அந்த மனுஷனும் வராமல் இருக்க முடியாது. பதினைந்து வயதிலிருந்து தோட்டத்துத் திருவிழாவுக்குப் பந்தல் போட்டவன் நான். வாழை கட்டுவது, தோரணம் வெட்டுவது, விளக்கு இழுப்பது, எதிலும் என்னை மிஞ்ச ஆள் இல்லை. குடிலும் ஒரு பந்தல்தானே என்று நினைத்தேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் என் மனைவி அச்சு முறுக்கும் கல்கலாவும் சுட அம்மா வீட்டுக்குப் போனாள். மூன்று நாள் கழித்து வருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் பஸ் ஏறியதும் நான் வேலையை ஆரம்பித்துவிட்டேன். இரண்டு லோரியும் அந்த மூன்று நாளும் ஓடவில்லை.

ஹாலில் பாதியைக் குடில் எடுத்துக்கொண்டது. பழைய லோரியின் பக்கப் பலகைகளைக் கழற்றிச் சட்டம் அடித்தேன். சிமெண்டுப் பையைக் கசக்கிச் சாயம் பூசி மலை செய்தேன். சார்டின் டின்களில் முன்கூட்டியே பச்சைப்பயறு விதைத்து லோரிக் கொட்டகையில் ஒளித்து வைத்திருந்தேன். அது விரல் நீளம் முளைத்து அசல் வயலாக நின்றது. உடைந்த பக்கக் கண்ணாடியைப் பதித்து ஆறு விட்டேன். மேலே கண்ணாடிக் காகிதம் ஒட்டிய நட்சத்திரம். அதற்கு லோரி பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, சிக்னல் லைட் மின்னவைக்கிற பெட்டியையும் கழற்றிப் பொருத்தினேன். நட்சத்திரம் டிக், டிக், டிக் என்று மின்னியது. லோரி இடப்பக்கம் திரும்பப் போகிற மாதிரியே இருக்கும். மூன்று ராஜாக்களையும் ஒரு பொம்மை லோரியில் ஏற்றி வைத்தேன். பெத்லகேமுக்கு லோரி எங்கே வந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். ஒட்டகம் இல்லாத ஊரில் ராஜாக்கள் வேறு எதில் வருவார்கள் என்று நான் கேட்டேன். 

சுரூபங்களைக் கிள்ளானில் வாங்கினேன். கடையில் கொடுத்த செட்டில் மாதா, சூசையப்பர், இடையர்கள் எல்லாரும் ஒரு முழ உயரம். பாலன் மட்டும் கட்டை விரல் அளவு. எனக்கு மனசு ஒப்பவில்லை. திருவிழாவே அவருக்குத்தான், அவரே கண்ணுக்குத் தெரியாவிட்டால் எப்படி? கடைக்காரம்மாவிடம் பெரியதாக ஒன்று தனியாகக் கேட்டேன். கோயில் குடிலில் வைக்கிற பாலன் ஒன்று இருந்தது, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். கொஞ்சம் பெரிசாச்சே என்று அந்த அம்மா இழுத்தார். பரவாயில்லை என்று வாங்கி வந்தேன். தொட்டிலில் வைத்தபோது இரண்டு காலும் முட்டிக்குக் கீழே வெளியே தொங்கின. எழுந்து நின்றால் சூசையப்பருக்குச் சமமாக இருப்பார்.

பாலனை நானே வைத்தேன். வீட்டுக்குப் பெரியவர் வைக்க வேண்டும் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. மாமனார் வரும்போது எடுத்து அவர் கையில் கொடுத்து மறுபடி வைக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் அதுவரை காலியாக விட முடியுமா? எங்கள் பக்கம் சாமி வந்து உட்கார்ந்த பிறகுதான் பந்தலுக்கே மரியாதை. சாமி இல்லாத பந்தலைப் பார்க்க ஊரைக் கூப்பிட்டால் யார் மதிப்பார்கள்?

சனிக்கிழமை காலையிலேயே கூட்டம் வந்துவிட்டது. எல்லாரும் எங்கள் ஆட்கள், மாரியம்மன் கோயில்காரர்கள். செருப்பை வெளியே விட்டு வந்து பாலனைக் கும்பிட்டார்கள். ஒருவர் தேங்காய், பழம்கூடக் கொண்டுவந்தார். எதிர்வீட்டு மலாய்க்காரர் நட்சத்திரம் எப்படி மின்னுகிறது என்று பேட்டரியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். மத்தியானம் ரொட்டிக்கார பாய் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து வெகு நேரம் பார்த்தார். பிறகு ஹாரனை அடித்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாய் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போவார் என்று எனக்குத் தெரியும். சொன்னார். லயத்தில் என் மாமியாரும் மனைவியும் எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்திருந்தபோது, "உங்க மருமவன் வீட்ல பாலன் பொறந்தாச்சும்மா. நல்ல பெரிய பிள்ளை" என்று சொல்லிவிட்டு ரொட்டியை எடுத்து நீட்டியிருக்கிறார். என் மனைவிக்கு அச்சு எண்ணெயிலேயே நின்றுவிட்டது. உள்ளே மூக்குக் கண்ணாடி போட்டு ஏதோ படித்துக்கொண்டிருந்த என் மாமனார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்திருக்கிறார். இவள் ஓடிப்போய்ப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். நான் வாசலில் நிற்கிறேன். செம்மண் பாதையில் ஒரு சைக்கிள் வருகிறது. முன்னால் என் மாமனார், பின்னால் என் மனைவி, கையெல்லாம் மாவு. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். உள்ளே ஓடிப்போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தேன்.

அவர் சைக்கிளை வேலியில் சாய்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எங்கே இருக்கு?"

ஹாலைக் காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போனார். நாலு வருஷம் வாசல்படி மிதிக்காத மனுஷன், வலது கால், இடது கால் எதுவும் பார்க்காமல் போனார். குடில் முன்னால் நின்றார். நட்சத்திரம் டிக், டிக் என்றது. ராஜாக்கள் லோரியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.  பாலனைப் பார்த்தார். தொங்கிய காலைப் பார்த்தார்.

"இன்னிக்கு என்ன தேதி?"

சொன்னேன்.

"பொறக்காத பிள்ளைய எந்த ஊர்லயாவது தொட்டில்ல போடுவாங்களா? உங்கம்மா உன்னைப் போட்டாங்களா?"

எனக்கு அப்போதுதான் லேசாக உறைத்தது. அப்படியும் வாய் சும்மா இருக்கவில்லை. சாமி இல்லாத பந்தல் என்று ஊர் சிரிக்குமே மாமா என்றேன்.

"சிரிக்கட்டும். காலியாத்தான் கெடக்கணும். இன்னும் வரலேன்னு பார்க்கிறவனுக்குத் தெரியணும். அதுக்குத்தான் திருவருகைக் காலம்னு நாலு வாரம் வெச்சிருக்கு. தெரியலேன்னா கேக்கணும்."

"யாரைக் கேக்கிறது மாமா? நீங்கதான் இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டேங்கிறீங்களே."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோமே என்று தோன்றியது. என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த நாலு வருஷத்தில் அவர் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.  குனிந்து பாலனை எடுத்தார், கழுத்துக்குக் கீழே கை கொடுத்து, நிஜப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. தோளில் கிடந்த துண்டை உதறி அதில் சுற்றினார்.

"அப்பா, டீ போடறேன். ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கப்பா."

"பிள்ளை பொறக்கட்டும்" என்றார்.

அவ்வளவுதான். பாலனை ஒரு கையில் அணைத்துக்கொண்டு ஒரு கையால் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனார். டவுனே பார்த்தது.

அவர் சொன்ன அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு நானும் என் மனைவியும் மூன்று வாரம் வழக்காடினோம். பிள்ளை பிறந்ததும் வந்து டீ குடிப்பேன் என்று அர்த்தம் என்றாள் அவள். வராமல் தட்டிக்கழிக்கச் சொன்ன பேச்சு அது, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார், இனிமேல் எதற்கு வரப்போகிறார் என்றேன் நான். தினமும் யாராவது குடில் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் தொட்டிலைப் பார்த்துவிட்டு, சாமி எங்கே என்று கேட்டார்கள். இன்னும் பிறக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்துவிட்டது. போன வாரம் இருந்தாரே என்று சிலர் விடாமல் கேட்டார்கள். பொறுக்காமல் ஒரு நாள், கிள்ளானுக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்துவிடுகிறேன் என்று சட்டையை மாட்டினேன்.

"வாங்கிட்டு வாங்க. நான் அடுத்த பஸ்லயே எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன்" என்றாள்.

சட்டையைக் கழற்றிவிட்டேன். எதற்கும் காத்திருந்து பழக்கம் இல்லாதவன் நான். செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி வரிசை நீளமாக இருந்தால்கூட இறங்கிப்போய்ப் பேசி முன்னால் போய்விடுவேன். இந்த வரிசையில் யாரிடம் போய்ப் பேசுவது?

கிறிஸ்மஸ் அன்று மாமனார் தோட்டத்துக் கோயிலில் காலை ஆறு மணிக்கே பூசை. சாமியாருக்கு அன்று நாலு தோட்டம். லோரியைக் கழுவி, பலூன் கட்டி, டவுன் பக்கத்துக் குடும்பங்களை எல்லாம் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் பாட்டு. பூசையில் என் மாமனார் முன்னால் நின்று வாசகம் வாசித்தார். என் பக்கம் பார்ப்பாரா என்று நான் அவரையே பார்த்தேன். அவர் புத்தகத்தைத்தான் பார்த்தார். பூசை முடிந்ததும் படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டுக்கு ஜெபம் சொல்லக் கிளம்பிவிட்டார். ஒவ்வொரு வருஷமும் அவர் செய்வதுதான். என் மனைவி அவரிடம் போய் எதுவும் கேட்கவில்லை. மாமியாரிடம் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. ஆட்டுக்கறி, கோழிப் பிரட்டல், ஒரு அண்டா தோசை மாவு. எதிர்வீட்டு மலாய்க்காரரும் சாப்பிட வேண்டும் என்று ஆட்டையும் கோழியையும் ரொட்டிக்கார பாய் மூலமாகவே அறுத்து வாங்கியிருந்தேன். எட்டரை மணிக்கே விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். மலாய்க்காரர் குடும்பத்தோடு வந்தார். டயர் கடைச் சீன முதலாளி தௌக்கே ஆரஞ்சுப் பெட்டியோடு வந்தார். என் மனைவி எல்லாருக்கும் நாற்காலி போட்டாள். ஆனால் தட்டு எடுக்கவில்லை.

ஒன்பது மணி ஆயிற்று. தௌக்கே அடுப்படிப் பக்கம் இரண்டு தடவை பார்த்தார். காரணத்தை நான் மலாயில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு காலித் தொட்டிலைப் பார்த்தார். தன் மூத்த மகன் பிறக்க இரண்டு நாள் ஆனது, இந்த விஷயத்தில் அவசரப்பட்டுப் பிரயோஜனம் இல்லை என்றார். மலாய்க்காரர் தலையாட்டினார். ஒன்பதரை ஆயிற்று. என் மனைவி ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அவர் வரமாட்டார் என்று நான் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், அன்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை, அவள் முகம் அப்படி இருந்தது.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் சைக்கிள் மணி கேட்டது.

மாமனார் மிதித்துக்கொண்டு வந்தார். பின்னால் மாமியார், மடியில் துண்டில் சுற்றிய பாலன், வெயில் படாமல் மேலே குடை. சைக்கிள் கைப்பிடியில் ஒரு மரத் தொட்டில் தொங்கியது. சாமான் பெட்டிப் பலகையை இழைத்து அவரே செய்தது, எங்கள் பாலனுக்கு அளவெடுத்து.

"அது பத்தலையே. காலு வெளிய தொங்குச்சு" என்றார், யாரிடமென்று இல்லாமல்.

என் தொட்டிலை எடுத்துவிட்டு அதை வைத்து, வைக்கோல் பரப்பினார். ஜெபம் சொன்னார். பாலன் எல்லார் கைக்கும் போய் முத்தம் வாங்கி வந்தது. தௌக்கேகூட அதன் காலைத் தொட்டுக் கும்பிட்டார். கடைசியில் மாமனார் கைக்கு வந்தது. நான் நகர்ந்து வழிவிட்டேன். அவர் வைக்கவில்லை. என்னிடம் நீட்டினார்.

"நீ வை. எங்க வீட்ல நான் வெச்சேன். இது உன் வீடு."

 உண்மையைச் சொல்கிறேன், இரண்டாவது லோரி வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. ஆனாலும் வாங்கவில்லை.

"நான் ஏற்கெனவே தப்பா வெச்சவன் மாமா. நீங்கதான் பெரியவங்க. நீங்க வைங்க."

வை என்றார் அவர். நீங்க வைங்க என்றேன் நான். அவர் நீட்ட, நான் பின்வாங்க, பாலன் நடுவில் போய்ப் போய் வந்தது. அவரும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை, நானும் இல்லை. அதில் இருவரும் ஒரே ரகம். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது, அடுப்படியிலிருந்து என் மனைவி கரண்டியோடு வந்தாள். கரண்டியை மாமியார் கையில் கொடுத்தாள்.

"ரெண்டு பேரும் தள்ளுங்க. துணியில சுத்தித் தொட்டில்ல வெச்சது பெத்தவதான். உபதேசியார் மக எனக்குத் தெரியாதா?"

பாலனை வாங்கி, துணியை இழுத்துவிட்டு, தொட்டிலில் வைத்தாள். கச்சிதமாக இருந்தது. மாமனார் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். யோசித்தார். வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார். அன்றிலிருந்து இன்று வரை எங்கள் வீட்டில் பாலனை வைப்பது பெண்கள்தான். என் மருமகள்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பிறகு எல்லாரும் உட்கார்ந்தோம். என் மனைவி முதல் தோசையை அவர் தட்டில் வைத்துக் கறியை ஊற்றினாள். ஊற்றிவிட்டு நகராமல் நின்றாள். அவர் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வாய் பிய்த்து, தோய்த்து, சாப்பிட்டார்.

"உப்பு கொஞ்சம் கம்மிம்மா" என்றார்.

அவள் சரிப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உப்புப் போத்தலை எடுத்துக்கொண்டு திரும்பி வர அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது. வந்தபோது முகம் கழுவியிருந்தாள். அதற்குள் அவர் நாலாவது தோசையில் இருந்தார்.

கை கழுவிவிட்டு, டீயையும் குடித்துவிட்டு, அவர் எழுந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். மேலே உத்தரத்தைப் பார்த்தார். வீட்டில் எத்தனை ரூம் என்று என்னிடம் கேட்டார். அந்த வீட்டைப் பற்றி யார் கேட்டாலும் செங்கல் எங்கே வாங்கினேன், பலகை எந்த மரம், ஆசாரி எத்தனை நாள் வேலை செய்தார் என்று ஒரு மணி நேரம் சொல்கிறவன் நான்.

"மூணு, மாமா" என்றேன். முதல் ரூம் கதவைத் திறந்துகொண்டு முன்னால் நடந்தேன்.